மலையில் வீட்டோடு வலி நிவாரணம்: புற்றுநோயாளியைப் பார்க்கும் நீலகிரி குடும்ப மருத்துவருக்கு ஒரு முழு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ கோழிக்கோட்டிலோ சென்னை அடையாறிலோ சிகிச்சை முடிந்து, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற வரியோடு ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி மலையேறி வரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மகனோ மருமகளோ வந்து நிற்பது உங்கள் கிளினிக்கில்தான். அங்கிருந்து என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. பொது மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களுக்காக எழுதியது. மருந்து அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை.

மலையில் இந்த வேலையின் வரிசையை முடிவு செய்வது இரவு. சாயங்காலத்துக்கு மேல் மருந்துக்கடை மூடும், பஸ் குறையும், மூடுபனி இறங்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் பாதையில் யானை நிற்கும். ஐப்பசி மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் ஆம்புலன்ஸும் நிற்கும். ஆகவே ராத்திரியில் தேவைப்படக்கூடிய மருந்து, சொல்லவேண்டிய வார்த்தை, எடுக்கவேண்டிய முடிவு எல்லாமே பகலிலேயே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

1. நோயாளி வருவதற்கு முன்பே மார்ஃபினுக்கு வழி செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நோயாளியைப் பார்த்து, வலி அதிகம் என்று கண்டு, மார்ஃபின் எழுதிக்கொடுத்து பஜாருக்கு அனுப்புகிறார்கள். சாதாரணக் கடையில் அது இருக்காது. வீட்டார் ஒரு நாள் முழுக்க அலைந்துவிட்டு, அதைவிட லேசான வலி மருந்தான டிராமடால் பட்டையோடு திரும்புவார்கள்.

2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகியவை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற தனி வகைக்குள் வந்துவிட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இவற்றை வாங்கி வைத்து நோயாளிக்குக் கொடுக்கலாம். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும், வரவு செலவுப் பதிவேடு சரியாக இருக்க வேண்டும்.

தனி ஆளாக கிளினிக் நடத்துகிறவருக்கு, ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள ஒரு மருத்துவமனையோடு ஏற்பாடு செய்துகொள்வதே எளிது. ஒரு முறை நேரில் போய் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த அளவு மாத்திரை இருப்பில் இருக்கிறது, நோயாளி வராமல் வீட்டார் வந்து வாங்கலாமா, என்னென்ன காகிதம் வேண்டும், ஒரு தடவைக்கு எத்தனை நாளுக்குத் தருவார்கள். கூடலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடு பக்கம் என்று தோன்றும். ஆனால் மாநில எல்லை தாண்டி மருந்து வாங்கி வருவதை நம்பி ஒரு திட்டம் போடாதீர்கள்.

பயிற்சி இல்லையென்றால் அதையும் இப்போதே முடியுங்கள். கோழிக்கோட்டில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசின், திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா ஆகியவை மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகின்றன. அங்கே கிடைக்கும் இன்னொரு லாபம், சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்க ஒரு ஆள்.

2. ஃபைலைப் படித்துவிட்டுப் படியேறுங்கள்

முதல் விசிட்டுக்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியை வாட்ஸாப்பில் வாங்கிப் படியுங்கள். நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, கல்லீரல் எப்படி, கடைசி கீமோ எந்தத் தேதி, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்துக்கு. இவ்வளவு போதும். கிரியேட்டினின் தெரியாமல் மார்ஃபின் தொடங்கக்கூடாது. கீமோ தேதி தெரியாவிட்டால் காய்ச்சலின் ஆபத்தை எடை போட முடியாது.

முடிந்தால் சிகிச்சை தந்த மருத்துவரிடம் பேசி, நோயாளியிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சம்மரியில் அது இருப்பதே இல்லை.

அதே நாளில் உள்ளூர்த் துணையையும் தேடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சேவையும் இயன்முறை சிகிச்சையும் அதன் பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் அந்தப் பகுதிக்கான செவிலியர் யார் என்று தெரியும். தேயிலைத் தோட்டம் என்றால் எஸ்டேட் டிஸ்பென்சரி இருக்கும். பணியர், குறும்பர் குடியிருப்புகளுக்கு அவர்கள் மொழி பேசும் சுகாதாரப் பணியாளர் இல்லாமல் போகாதீர்கள். போனால் நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான் பதிலாகக் கிடைக்கும்.

3. பையும் பாதையும்

பையில் வேண்டியவை: பிபி கருவி, ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், கையுறை, டார்ச், யூரின் கதீட்டர், மூக்கு வழியே வயிற்றுக்குள் போடும் ரைல்ஸ் டியூப், தோலடியில் போட 23 அல்லது 24 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி, டிரெஸ்ஸிங் சாமான். ஊசி மருந்தில் மெட்டோகுளோபிரமைடு, ஹாலோபெரிடால், டெக்ஸாமெத்தசோன், ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, நலோக்சோன்.

வீடு எங்கே என்று கேட்கும்போது, வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எவ்வளவு படி, போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தோட்டத் தொழிலாளர்களின் பல லைன் வீடுகளில் சிக்னல் கிடைப்பது மேட்டில் உள்ள ஒரு கோயில் திண்ணையிலோ மளிகைக் கடை வாசலிலோதான். ராத்திரியில் யார் அங்கே ஓடிப்போய் உங்களைக் கூப்பிடுவது என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

4. முதல் விசிட்: முதலில் நோயாளியிடம்

வீட்டில் நுழைந்ததும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கதையைத் தொடங்குவார்கள். படகர் ஊர்களான ஹட்டிகளில் பாதி ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேளுங்கள், கொடுக்கிற டீயைக் குடியுங்கள். அப்புறம், "கொஞ்சம் உடம்பைப் பரிசோதிக்கணும்" என்று சொல்லி ஒரே ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். யாருக்கும் மனம் கோணாது.

பிறகு நின்றுகொண்டு பேசாமல் கட்டில் ஓரம் உட்காருங்கள். முதல் கேள்வி வலியைப் பற்றி வேண்டாம். "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். வலி, மூச்சு, இருமல், பயம், சிறுநீர் எல்லாம் அந்த ஒரு பதிலில் வரிசையாக வந்துவிடும். "வலி இருக்கா?" என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் "அதெல்லாம் பரவாயில்லைங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று வீட்டார் புலம்பும் பலருக்கு வாய் முழுக்க வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். ஃபுளூக்கனசோல் கொடுத்தால் சில நாளில் கஞ்சி இறங்கும். முதுகையும் புட்டத்தையும் திருப்பிப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

பராமரிப்பவரை தனியாக இரண்டு நிமிடம் பாருங்கள். அவர் எப்போது தூங்குகிறார், வேலைக்குப் போகிறாரா, வீட்டில் பணம் எப்படி என்று தெரியாமல் எழுதும் மருந்துச் சீட்டு பயன்படாது. கொழுந்து பறிக்கப் போகிற மருமகள் காலையில் கிளம்பினால் மாலையில்தான் திரும்புவார். 10 மணிக்கும் 2 மணிக்கும் மாத்திரை கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது.

5. "அப்பாவுக்குத் தெரியக்கூடாது டாக்டர்"

இது முதல் நாளே வரும், பெரும்பாலும் வாசற்படியில் வைத்து. "கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." இங்கே கோபப்பட்டு நோயாளியின் உரிமை பற்றிப் பாடம் எடுப்பது ஒரு தவறு. சரி என்று உறுதிகொடுத்துவிட்டு நோயாளியிடம் அல்சர் என்று கதை விடுவது அதைவிடப் பெரிய தவறு.

நான் சொல்வது இதுதான்: "நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." அநேகமாக எல்லாக் குடும்பமும் இதற்கு ஒத்துக்கொள்கிறது. அப்புறம் நோயாளியிடம், "இது என்ன நோய்னு ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க ஐயா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் மௌனமாக இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். "எனக்குத் தெரியும் டாக்டர், பிள்ளைங்களுக்குத் தெரியாது, அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்று பதில் வருவது ரொம்ப சாதாரணம்.

இதை ஏன் தொடக்கத்திலேயே செய்யச் சொல்கிறேன் என்றால், கடைசி வாரத்தில் எங்கே இருக்க விரும்புகிறார், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, யாரைப் பார்க்க வேண்டும் என்று நோயாளியிடம் பேசாமல் 11-ம் படிக்குப் போகவே முடியாது. தூக்கக் கலக்கம் வந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல அவரால் ஆகாது.

6. வலி: வகை பிரித்து, பிறகு மருந்து

ஒவ்வொரு வலிக்கும் இடம், அது எப்போது கூடுகிறது, எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒருவருக்கே மூன்று வலி இருக்கும், மூன்றுக்கும் காரணம் வேறாக இருக்கும். அளவுக்கு 0 முதல் 10 வரை கேட்கலாம். எண்ணில் சொல்ல வராதவர்களிடம் பத்து விரலை நீட்டி எத்தனை விரல் என்று கேளுங்கள்.

எரிகிறது, ஷாக் அடிக்கிறது, மரத்துப்போய்க் குத்துகிறது என்றால் நரம்பு வலி. அதற்கு மார்ஃபின் மட்டும் போதாது. இரவில் அமிட்ரிப்டிலின் 10 முதல் 25 மி.கி., அல்லது கேபாபென்டின் 100 முதல் 300 மி.கி.-யில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். எலும்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவை நன்றாகக் கேட்கும். வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரை சேர்த்து, சிறுநீரகத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

பாராசிட்டமாலை இடைவெளி விட்டு ஒழுங்காகக் கொடுத்தால், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். உடல் மெலிந்தவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் இன்னும் குறைவு. நடுத்தர வலிக்கு டிராமடால் ஒரு நாளைக்கு மொத்தம் 400 மி.கி. வரை போகலாம். அதற்கு மேல் ஏற்றிப் பயனில்லை, வலிப்பு வரும் அபாயம்தான் கூடும். வலி கடுமையாக இருந்தால் டிராமடாலில் நாட்களைக் கழிக்காமல் நேரே குறைந்த அளவு மார்ஃபினுக்குப் போகலாம்.

7. மார்ஃபின் தொடங்குவது

வழக்கமான தொடக்கம் வாய்வழி 5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. முதியவர், மிக மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி. கிரியேட்டினின் கூடியிருந்தால் மருந்தின் கழிவுப்பொருள் உடம்பில் தங்கிவிடும். அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது வேறு மருந்து பற்றி, பயிற்சி தந்தவர்களிடம் போன் செய்து கேளுங்கள்.

நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டாம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 ஆகிய வேளைகளில் 5 மி.கி. வீதம், இரவு 10 மணிக்கு இரட்டிப்பாக 10 மி.கி. ஆக மொத்தம் 30 மி.கி. இடையில் வலி வந்தால் கொடுக்கும் கூடுதல் அளவு, மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 மி.கி. இதை நோட்டில் எழுதி வைக்காமல் வந்துவிட்டால் வலி வந்த நேரத்தில் வீட்டார் கைகட்டி நிற்பார்கள். கூடுதல் மாத்திரை கொடுத்த பிறகும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

ஓரிரு நாள் கழித்து அந்த நோட்டைப் பாருங்கள். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் கூடுதல் மாத்திரை போயிருந்தால் வேளை அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூட்டுங்கள். வலி அடங்கிய பிறகு, பகலில் ஆள் இல்லாத வீடுகளுக்கு 12 மணி நேர மாத்திரைக்கு மாற்றுவது பெரிய உதவி. அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ ரைல்ஸ் டியூபில் கரைத்து ஊற்றவோ கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

மலமிளக்கியை மார்ஃபின் தொடங்கும் அன்றே தொடங்குங்கள். பைசகோடில் 10 மி.கி. இரவில், அல்லது சென்னா. இதை மறப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஐந்தாவது நாள் மலச்சிக்கலில் தவிக்கும் நோயாளி மார்ஃபினையே தூக்கி எறிந்துவிடுவார், பிறகு அவரைச் சம்மதிக்க வைப்பது கடினம். இசப்கோல் வேண்டாம். குளிரில் இங்கே யாரும் போதுமான தண்ணீர் குடிப்பதில்லை, உமி உள்ளேயே கெட்டித்துப்போகும். சில நாள் மலம் போகாமலிருந்து திடீரென்று தண்ணீராகப் போனால் வயிற்றுப்போக்கு மாத்திரை எழுதுவதற்கு முன் விரலிட்டுச் சோதியுங்கள்.

குமட்டல் முதல் வாரத்தில் வரும், தானே குறையும். மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. மூன்று வேளை, அல்லது இரவில் ஹாலோபெரிடால் 0.5 முதல் 1.5 மி.கி. குடல் முழுதாக அடைத்திருந்தால் மெட்டோகுளோபிரமைடு கூடாது. வயிறு பிசைந்து வலிக்கும்.

மார்ஃபின் தொடங்கியதும் டிராமடாலை நிறுத்துங்கள், பாராசிட்டமாலைத் தொடருங்கள். பல வீடுகளில் பழைய சீட்டும் புதிய சீட்டும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். பழைய பட்டைகளை வெளியே எடுத்துப் பார்த்து நீங்களே ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

பயம் எல்லாருக்கும் உண்டு: அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும், இது சாகப்போகிறவருக்கான மருந்து. வலிக்கேற்ற அளவில் படிப்படியாக ஏற்றினால் மூச்சுக்கு முன்னால் தூக்கம்தான் எச்சரிக்கும் என்று விளக்குங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், ஊசிமுனைக் கண்மணி, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு ஆகியவை சேர்ந்தால் மட்டுமே மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன். 0.4 மி.கி. ஆம்பியூலை 10 மி.லி. சலைனில் கலந்து, 1 மி.லி. வீதம் சில நிமிட இடைவெளியில் மூச்சு சீராகும் வரை. மொத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றினால் வலி முழுசாகத் திரும்பிவிடும்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை (பேட்ச்) பற்றி மலைக்கென்றே ஒரு எச்சரிக்கை. இங்கே நோயாளி அடுப்பு ஓரமாகவோ ஹீட்டருக்குப் பக்கத்திலோ படுத்திருப்பார், போர்வைக்குள் சுடுதண்ணீர்ப் பை வேறு. சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து வேகமாக இறங்கும். சூடு படாத இடத்தில் ஒட்டுங்கள், வீட்டாரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். மார்ஃபின் வகை மருந்தே எடுத்துப் பழகாதவருக்கு முதல் மருந்தாகப் பட்டை ஒட்டக்கூடாது. ஒட்டிய பிறகு வேலை செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

மாத்திரைகளைப் பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விசிட்டிலும் எண்ணிப் பாருங்கள். சந்தேகப்படுகிறோம் என்று நினைக்காதபடி முதல் நாளே இது வழக்கம் என்று சொல்லிவிடுங்கள்.

8. மூச்சுத்திணறல்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆக்சிமீட்டர் இங்கே ஆரோக்கியமானவருக்கே சமவெளியைவிடக் குறைத்துத்தான் காட்டும். 95-க்குக் கீழே என்று எண்ணைப் பார்த்துப் பதறாமல் முகத்தைப் பாருங்கள்.

மெல்லிய காற்று முகத்தில் பட்டால் திணறல் குறையும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஊட்டி, குன்னூர் வீடுகளில் பெரும்பாலும் ஃபேனே இருக்காது, ஜன்னலும் குளிருக்கு அடைத்திருக்கும். பேட்டரியில் ஓடும் சின்னக் கை விசிறி வாங்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் உடம்பைப் போர்த்திவிட்டு முகத்துக்கு நேரே ஜன்னலை ஒரு விரல் திறக்கலாம். விறகடுப்புப் புகை வரும் அறையிலிருந்து கட்டிலை மாற்றுவது எந்த மாத்திரைக்கும் குறையாத பலன் தரும்.

மருந்தில் மார்ஃபின் 2.5 மி.கி. 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஏற்கெனவே எடுப்பவருக்கு அளவைக் கொஞ்சம் கூட்டலாம். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா, இரத்தம் மிகக் குறைவா என்று பார்த்துவிடுங்கள், அவை சரிசெய்யக்கூடியவை. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாடகைக்கு எடுப்பதற்கு முன், மழைக்காலத்தில் அந்த வீட்டில் கரண்ட் எத்தனை மணி நேரம் போகும் என்று கேளுங்கள். மெஷினை நம்பி இருக்கும் வீட்டில் கரண்ட் போனால் நோயாளியைவிட வீட்டார்தான் முதலில் நிலைகுலைவார்கள்.

9. புண், நாற்றம், புழு, இரத்தம்

மார்பிலும் வாயிலும் வெடித்த புண்தான் குடும்பங்களைத் தனிமைப்படுத்துகிறது. அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்மேல் தூவி மூடுங்கள். சில நாளிலேயே நாற்றம் அடங்கும். பழைய டிரெஸ்ஸிங் ஒட்டியிருந்தால் நனைத்து ஊறவிட்டு எடுங்கள், இழுத்தால் இரத்தம் கொட்டும்.

துணிக்குப் பழைய பருத்தி வேட்டி போதும். வெயிலில் காயவைக்கச் சொல்வது ஆடி மாதக் கூடலூரில் நடக்காத காரியம். துவைத்து, மடித்து, எவர்சில்வர் டப்பாவில் வைத்து குக்கரில் ஆவி கட்டச் சொல்லுங்கள்.

புழு வைத்திருந்தால் டர்பென்டைன் நனைத்த துணியைப் புண்ணுக்கு மேல் சிறிது நேரம் வைத்தால் அவை வெளியே வரும், ஃபோர்செப்ஸால் எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார்.

கழுத்திலோ மார்பிலோ பெரிய இரத்தக்குழாய்க்கு அருகே புண் இருந்தால் கருஞ்சிவப்பு அல்லது கருப்புத் துண்டு இரண்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இரத்தம் பீறிட்டால் வெள்ளைத் துணியில் அது தெரியும் விதம் வீட்டாரை வாழ்நாள் முழுக்க விடாது. ஏன் வாங்கச் சொல்கிறீர்கள் என்பதையும் தெம்புள்ள ஒருவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

10. மலையிறக்க வேண்டியது எப்போது

வீட்டிலேயே பார்ப்பது என்றால் எப்போதும் வீட்டிலேயே என்று பொருள் கொள்ளாதீர்கள். சில நிலைகளில் அன்றைக்கே கீழே அனுப்ப வேண்டும், அதுவும் முதல் மருந்தை நீங்கள் கொடுத்துவிட்டு.

முதுகு வலியோடு கால் தளர்ந்து, சிறுநீர் அடைத்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோன் 16 மி.கி. கொடுத்து உடனே அனுப்புங்கள். ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருந்தால் கால் திரும்பாது. கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால், முதல் ஆன்டிபயாடிக்கை இங்கேயே ஏற்றிவிட்டு அனுப்புங்கள். எலும்புக்குப் பரவிய நோயாளி திடீரென்று குழப்பமாகி, தாகமும் மலச்சிக்கலுமாக இருந்தால் கால்சியம் பாருங்கள்.

ஒரே இடத்தில் எலும்பு வலி என்றால் 8 கிரே கதிர்வீச்சு ஒரே ஒரு தவணையில் கொடுப்பது, பல தவணைக்கு இணையாகவே வலியைக் குறைக்கும். பத்து நாள் மலை ஏறி இறங்க முடியாதவருக்கு இது பெரிய வித்தியாசம். கேட்காவிட்டால் பல இடங்களில் வழக்கமான அட்டவணையே போட்டுவிடுவார்கள். ஆகவே கடிதத்தில் "ஒரே தவணையாகத் தர இயலுமா" என்று எழுதி அனுப்புங்கள்.

ஏற்கெனவே சில நாட்கள்தான் என்ற நிலையில், போக விருப்பமில்லாதவரை இந்தப் பட்டியலைக் காட்டி வண்டியில் ஏற்றாதீர்கள்.

11. ராத்திரிப் பெட்டியும் கடைசி நாட்களும்

பெரும்பாலான நேரத்தைப் படுக்கையிலேயே கழித்து, சாப்பாடு ஓரிரு கரண்டி அளவுக்குக் குறைந்ததும் இந்தப் பெட்டி அந்த வீட்டில் இருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே: கூடுதல் மார்ஃபின் மாத்திரை, லோரசெபாம் 1 மி.கி. மாத்திரை, வாந்தி மாத்திரை, ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் சப்போசிட்டரி, கையுறை, கருப்புத் துண்டு. செவிலியர் வந்து போடக்கூடிய இடம் என்றால் ஹையோசின், ஹாலோபெரிடால், மிடசோலம் ஊசிகளும். எது எதற்கு என்று ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத வீட்டில் ஒவ்வொரு கவர்மேலும் படம் போடுங்கள்: நெஞ்சு, வாய், தூங்கும் கண்.

விழுங்க முடியாமல் போகும் நாளை எதிர்பார்த்திருங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துச் சில துளி தண்ணீரில் குழைத்துக் கன்னத்துக்குள் வைக்கலாம். தோலடி ஊசிக்கு மாற்றினால் வாய்வழி அளவில் பாதி. நினைவில்லை என்பதற்காக மார்ஃபினை நிறுத்தாதீர்கள். வலி போயிருக்காது, சொல்ல முடியாமல் போயிருக்கும்.

தொண்டையில் கரகர சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஹையோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. தோலடியில். அது நோயாளிக்குத் தொந்தரவாக இருப்பதில்லை என்று வீட்டாருக்கு விளக்குங்கள். சக்‌ஷன் போடுவது அதைவிடத் துன்பம்.

"ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது ஏத்துங்க டாக்டர், பட்டினியாப் போகக்கூடாது" என்பது கட்டாயம் வரும். இந்த நிலையில் ஏற்றும் நீர் கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் தங்கும். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள், அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரமாக்குவது, உதட்டுக்கு வெண்ணெய் தடவுவது. ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புதான் பாட்டிலைக் கேட்க வைக்கிறது.

மூச்சு நின்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: 108-ஐ அழைக்க வேண்டாம், நெஞ்சை அழுத்த வேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் விடியும்வரை காத்திருக்கலாம். இதைச் சொல்லாத வீடுகளில் கடைசி மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிக்குள் கழியும்.

12. இறப்புக்குப் பிறகு

விடிந்ததும் போய்ப் பாருங்கள். வீட்டில் நடந்த இறப்புக்குக் காரணச் சான்று படிவம் 4ஏ-வில் தர வேண்டும். படிவம் 4 ஆஸ்பத்திரி இறப்புகளுக்கு. "இதயம் நின்றது" என்று எழுதாதீர்கள், எல்லா இறப்பிலும் இதயம் நிற்கும். மூலக் காரணமாக எந்த உறுப்பின் புற்றுநோய், எங்கே பரவியது என்று எழுதுங்கள். எஸ்டேட் பி.எஃப்., காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் வீட்டார் இந்தத் தாளை வைத்துத்தான் அலைவார்கள். 21 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள், தாண்டினால் தாமதக் கட்டணமும் கூடுதல் நடைமுறையும்.

மிச்சமுள்ள மார்ஃபினை எண்ணி, எண்ணிக்கையை எழுதி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி, வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒட்டியிருந்த ஃபென்டனில் பட்டையை உடலைக் கழுவுவதற்கு முன் எடுத்து, ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து அதோடு சேர்த்துவிடுங்கள்.

காரியம் முடிந்த பிறகு ஒரு முறை போய், இரவெல்லாம் விழித்திருந்தவரின் பிபியையும் சர்க்கரையையும் பாருங்கள். மாதக்கணக்கில் தன் மாத்திரையை நிறுத்தி வைத்திருப்பார்.